நாள் முழுதும் கையில் நிற்கும் துடுப்பு



இன்று நாம் பேசப்போவது துடுப்பைப் பற்றி. தேயிலை மலையில் உட்கார்ந்துகொண்டு துடுப்பைப் பற்றி என்ன பேச்சு என்று சிலர் நினைக்கலாம். ஆனால் நம் ஊரின் பெயரைக் கொஞ்சம் எண்ணிப் பாருங்கள். கோலா என்ற மலாய்ச் சொல்லுக்கு ஆற்றுமுகம் என்று பொருள். தெர்லா ஆறு தெலோம் ஆற்றில் கலக்கும் இடம் என்பதால் நம் ஊர் கோலா தெர்லா ஆயிற்று. தெலோம் ஆறு ஜெலாய் ஆற்றைச் சேர்கிறது. ஜெலாயும் தெம்பெலிங்கும் கூடிப் பகாங் நதியாகி, தீபகற்பத்தின் மிக நீளமான நதியாகப் பெக்கான் அருகே கடலில் விழுகிறது. நாம் மலையில் வாழ்ந்தாலும் தண்ணீருக்கு அந்நியர் அல்லர்.

இன்னொரு காரணமும் உண்டு. நம் பிள்ளைகள் பள்ளி முகாம்களுக்குச் சென்று கயாக் செலுத்திப் பழகுகிறார்கள். படித்து முடித்த சிலர் ஏரிகளில் சுற்றுப்பயணிகளுக்கு வழிகாட்டும் வேலைக்கும் போகிறார்கள். அப்படிக் கென்யிர் ஏரிக்கு வேலைக்குப் போன ஓர் இளைஞனின் தகப்பனார் அண்மையில் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். “சார், பையன் சொந்தமா ஒரு துடுப்பு வாங்கணும்கிறான். ஒண்ணு மலிவா இருக்கு. இன்னொண்ணு நாலு மடங்கு விலை சொல்றாங்க. ரெண்டும் தண்ணியைத் தள்ளுறதுதானே? எதுக்கு சார் இந்த வித்தியாசம்?” என்றார்.

நியாயமான கேள்வி. மாதச் சம்பளத்தில் எண்ணி எண்ணிச் செலவு செய்யும் குடும்பத்தில் இந்தக் கேள்வி எழத்தான் வேண்டும். அதற்கு விடை காண்பதே இந்தப் பேச்சின் நோக்கம்.

முதலில், கயாக் என்பது என்ன? ஒருவர் அல்லது இருவர் காலை நீட்டி உட்கார்ந்து செலுத்தும் ஒடுங்கிய சிறு படகு. இதே பகாங் மாநிலத்தில் உள்ள பெரா ஏரியில் செமெலாய் பழங்குடி மக்கள் மரத்தைக் குடைந்து செய்த ஓடத்தைச் செலுத்துவார்கள். அந்த ஓடத்தின் துடுப்புக்கு ஒரு முனையில் மட்டுமே அகன்ற பலகை இருக்கும். கயாக்கின் துடுப்புக்கோ இரு முனையிலும் உண்டு. இடப்பக்கம் ஒரு முறை, வலப்பக்கம் ஒரு முறை என்று மாறி மாறி இழுக்க வேண்டும். தண்ணீரைத் தள்ளும் அந்த அகன்ற பகுதியை இந்தப் பேச்சில் தட்டு என்றும், கையால் பிடிக்கும் நீண்ட பகுதியைக் காம்பு என்றும் சொல்லிக்கொள்வோம்.

இனி ஒரு சிறு கணக்கு. பிள்ளைகள் பக்கத்தில் இருந்தால் காகிதமும் பென்சிலும் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

நிதானமாகக் கயாக் செலுத்துகிறவர் ஒரு நிமிடத்திற்குச் சுமார் 50 முறை துடுப்பு இழுப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு மணி நேரத்திற்கு 3,000 முறை. ஒரு நாளில் 5 மணி நேரம் என்றால் 15,000 முறை. ஒரு துடுப்பு இன்னொன்றைவிட 300 கிராம் கூடுதல் என்று கொள்ளுங்கள். 15,000 முறைக்கு எவ்வளவு ஆகிறது? 4,500 கிலோகிராம், அதாவது நாலரை டன். இது துல்லியமான விஞ்ஞானக் கணக்கு அன்று. ஒரு முனை இறங்கும்போது மறு முனை ஏறுவதால் முழு எடையையும் ஒவ்வொரு முறையும் தூக்குவதில்லை. சரி, பாதியாகவே வைத்துக்கொண்டாலும் இரண்டேகால் டன்! கடையில் கையில் எடுத்துப் பார்க்கும்போது 300 கிராம் ஒரு பொருட்டாகவே தெரியாது. மாலை நான்கு மணிக்குத் தோளுக்குத் தெரியும்.

இதை உங்களுக்கு நான் விளக்க வேண்டியதே இல்லை. கொழுந்து வெட்டும் கத்தரியைக் காலையில் எடுக்கும்போது அது கனமா, இலேசா என்று யார் யோசிக்கிறார்கள்? பிற்பகலில் அதே கத்தரி இரண்டு மடங்கு கனத்தது போல் இருக்கும். மருந்து அடிக்கும் தோம்பும் அப்படித்தான். எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். கல்லே தேயும்போது மணிக்கட்டும் முழங்கையும் தோளும் எம்மாத்திரம்? ஆகவே ஒரு கருவியின் எடையை ஒரு முறை தூக்கிப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. ஒரு நாளில் எத்தனை முறை தூக்கப்போகிறோம் என்று பெருக்கிப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும்.

அடுத்து, எடை எவ்வளவு என்பதோடு, அந்த எடை எங்கே இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். ஒரே எடையுள்ள இரண்டு மண்வெட்டிகளில் தலை கனத்தது கையை அதிகம் வாட்டும். துடுப்பிலும் அவ்வாறே. காம்பின் நடுவில் உள்ள கனம் அவ்வளவாகத் தொல்லை தராது. முனையிலுள்ள தட்டுகள் கனமாக இருந்தால் ஒவ்வொரு சுழற்சியிலும் அந்தக் கனத்தை வீசித் திருப்ப வேண்டியிருக்கிறது. எனவே தட்டு இலேசாக இருப்பதே முக்கியம்.

தட்டு எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும்? பெரிய தட்டு அதிகத் தண்ணீரைத் தள்ளும். படகும் விரைந்து பாயும். குறுகிய தூரப் பந்தயத்திற்கு அது சரி. நாள் முழுவதும் செலுத்துகிறவருக்கோ, ஒவ்வொரு இழுப்பிலும் பெரிய தட்டு சுவரைத் தள்ளுவது போல எதிர்த்து நிற்கும். நெடும்பயணத்திற்கு ஒடுங்கிய, சற்றே நீண்ட தட்டுதான் உகந்தது.

இதை முதலில் கண்டறிந்தவர்கள் கயாக்கை உலகிற்கு அளித்த வடதுருவப் பகுதி மக்களே. கிரீன்லாந்தில் வாழும் இனுவிட் மக்கள் கடல்நாய் வேட்டைக்காகக் கயாக்கில் நெடுநேரம் கடலில் இருப்பார்கள். அங்கே மரம் வளர்வது அரிது. கடலில் மிதந்து வந்து கரை ஒதுங்கும் மரத்தைக் கொண்டே துடுப்புச் செய்தார்கள். அந்தத் துடுப்பின் தட்டு, ஒரு கைக்குள் பிடி அடங்கும் அளவுக்கு ஒடுங்கியது. பார்க்கும்போது வெறும் நீண்ட கட்டை போலத்தான் தெரியும். ஆனால் அலையிலும் காற்றிலும் நெடுநேரம் உழைத்த அம்மக்கள் தலைமுறை தலைமுறையாக அதையே விரும்பினார்கள்.

நெடும்பயணம் என்றால் எவ்வளவு நீளும் தெரியுமா? ஆஸ்கர் ஸ்பெக் என்ற ஜெர்மானியர் 1932-ஆம் ஆண்டு ஒரு மடக்குக் கயாக்கில் ஜெர்மனியிலிருந்து புறப்பட்டார். அதில் சிறு பாயும் உண்டு, துடுப்பும் உண்டு. இந்தியக் கரை, இலங்கை, பர்மா, நம் மலாயா, சிங்கப்பூர் என்று கரையோரமாகவே வந்து, 1939-இல் ஆஸ்திரேலியப் பகுதியை அடைந்தார். ஏழு ஆண்டுகள்! இத்தகைய பயணத்தை வேகம் கொண்டு முடிக்க முடியாது. உடலைக் காத்துக்கொண்டு நாளுக்கு நாள் உழைப்பவரே முடிக்க முடியும்.

இனி நீளம். விரலுக்குத் தகுந்த வீக்கம் வேண்டும் அல்லவா? கிரீன்லாந்து மக்களின் அளவு முறையைக் கேட்டால் உங்களுக்கு வியப்பாக இருக்கும். இரு கைகளையும் விரித்த அகலம். அதனுடன் முழங்கையிலிருந்து விரல் நுனி வரை உள்ள நீளம். நம் பாட்டன்மார் வழக்கில் சொன்னால், ஒரு பாகமும் ஒரு முழமும்! தமிழ்நாட்டு மீனவர்கள் கடலாழத்தைப் பாகத்தால் அளப்பார்கள். பூக்காரம்மா பூவை முழத்தால் அளப்பார். பனிக்கடல் மனிதரும் தம் உடம்பையே அளவுகோலாகக் கொண்டிருக்கிறார். சுமார் 165 சென்டிமீட்டர் உயரம் உள்ளவருக்கு இந்தக் கணக்கில் ஏறத்தாழ 210 சென்டிமீட்டர் வரும்.

இன்றைய கடைகளில் விற்கும் துடுப்புகள் பெரும்பாலும் 210 முதல் 240 சென்டிமீட்டர் வரை இருக்கும். படகு ஒடுங்கியதாக, ஏறக்குறைய 60 சென்டிமீட்டர் அகலம் இருந்தால், நடுத்தர உயரமுள்ளவருக்கு 210 முதல் 220 வரை போதும். வாடகைக்கு விடும் படகுகளைப் போல் 75 சென்டிமீட்டருக்கு மேல் அகன்றிருந்தால் 230 அல்லது 240 வேண்டியிருக்கும். தேவைக்கு மேல் நீளம் வாங்காதீர்கள். நீளம் கூடினால் எடையும் கூடும். முனையை வீசித் திருப்பும் உழைப்பும் கூடும்.

காம்பின் பருமனையும் மறக்கக் கூடாது. பிடித்தால் கட்டை விரலும் மற்ற விரல்களும் எளிதாகச் சந்திக்க வேண்டும். பருத்த காம்பை இறுக்கிப் பிடித்தே செலுத்துகிறவருக்கு முன்கை நரம்புகள் வலியெடுக்கும். சிறிய கையுடைய பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் சற்று மெல்லிய காம்புள்ள துடுப்புகள் தனியாகவே கிடைக்கின்றன. கேட்டு வாங்குங்கள்.

இப்போது பொருளும் விலையும். அலுமினியக் காம்பும் பிளாஸ்டிக் தட்டும் கொண்ட துடுப்பு மலிவானது. எடை பெரும்பாலும் ஒரு கிலோகிராமைத் தாண்டும். அடித்தாலும் இடித்தாலும் தாங்கும். கண்ணாடி நாரால் செய்த துடுப்பு ஏறக்குறைய 800 முதல் 950 கிராம் வரை இருக்கும், விலை நடுத்தரம். கரிநார், அதாவது கார்பன் நார், கொண்டு செய்தவற்றுள் 700 கிராமுக்குக் குறைந்தவையும் உண்டு. விலை மிக அதிகம். நன்கு இழைத்த மரத்துடுப்பும் இலேசாக, கைக்கு இதமாக இருக்கும். ஆனால் ஆண்டுதோறும் எண்ணெய் அல்லது வார்னிஷ் பூசிப் பேண வேண்டும்.

இவற்றுள் எதை வாங்குவது? எப்போதாவது ஒரு மணி நேரம் விளையாடும் பிள்ளைக்கு மலிவானதே போதும். பாறை நிறைந்த ஆழமற்ற ஆற்றிலும் உறுதியான பிளாஸ்டிக் தட்டே நல்லது. மெல்லிய கார்பன் தட்டு பாறையில் மோதினால் விரிசல் விடக்கூடும். ஏரியிலோ கடலிலோ நாள்தோறும் பல மணி நேரம் செலுத்துவதே பிழைப்பு என்றால், கண்ணாடி நார்த் துடுப்பு நம் போன்றவர்களின் பணத்திற்கு ஏற்ற நல்ல நடுவழி. அந்தத் தகப்பனாருக்கும் நான் இதையே சொன்னேன். அந்த இளைஞன் வேலையில் நிலைத்த பிறகு, தன் சம்பாத்தியத்தில் கார்பன் துடுப்பு வாங்கிக்கொள்ளட்டும். கடன் பட்டு அதை முதலிலேயே வாங்க வேண்டியதில்லை. வலியால் ஒரு மாதம் வேலை இழப்பதைவிட இந்த நடுத்தர விலை பெரிதன்று.

கடைக்குப் போனால் என்ன செய்ய வேண்டும்? நான்கு சோதனைகள். ஒன்று, துடுப்பின் நடுவை ஒரு விரலில் நிறுத்திப் பாருங்கள். இரு பக்கமும் சமமாக நிற்க வேண்டும். இரண்டு, துடுப்பு இழுப்பது போலவே இரண்டு நிமிடம் இடைவிடாமல் சுழற்றிப் பாருங்கள். கடைக்காரர் சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும், தோள் உங்களுடையது. மூன்று, இரு துண்டாகக் கழற்றும் துடுப்பானால் இணைப்பை ஆட்டிப் பாருங்கள். லொடலொடவென்று ஆடினால் வேண்டாம். நான்கு, ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள எடையை மட்டும் நம்பாமல் தராசில் வைத்துப் பாருங்கள்.

நல்ல துடுப்பு வாங்கியாயிற்று என்பதற்காகக் கையை மட்டும் நம்பி இழுக்கக் கூடாது. இடுப்பைத் திருப்பி, காலை ஊன்றி, முதுகின் பலத்தால் இழுக்க வேண்டும். மேல் கை தோளுக்கு மேலே உயராமல் தாழ்வாகச் செலுத்தினால் நெடுநேரம் தாங்கும். பிடி தளர்வாக இருக்கட்டும். கடல் நீரில் பயன்படுத்தினால் நல்ல தண்ணீரில் கழுவி வையுங்கள். பழைய கனமான துடுப்பைத் தூக்கி எறியாமல் படகிலேயே கட்டி வையுங்கள். நடு ஏரியில் ஒன்று முறிந்தாலோ நழுவினாலோ அதுவே கரை சேர்க்கும்.

இன்னொரு முக்கியமான சொல். எவ்வளவு நல்ல துடுப்பானாலும் அது இரண்டாவது செலவு. முதற்செலவு, உடம்புக்குச் சரியாகப் பொருந்தும் மிதவைச் சட்டை. பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால் மிதவைச் சட்டையை வாங்குங்கள். துடுப்பை இரவல் பெறலாம். நீந்தத் தெரிந்தவரும் அதை அணிந்தே படகில் ஏற வேண்டும்.

பெற்றோர்களே! கனமான கருவியைத் தூக்குகிறவனே நல்ல உழைப்பாளி என்ற எண்ணம் நம்மிடையே நெடுங்காலமாக உண்டு. அந்த எண்ணத்திற்கு விலையாக எத்தனையோ தோள்களையும் முதுகுகளையும் நாம் கொடுத்திருக்கிறோம். இலேசான கருவியைத் தேடுவது சோம்பல் அன்று. நாளைக்கும் உழைக்க வேண்டும் என்ற முன்யோசனை. துடுப்பை மட்டுமல்ல, கத்தரியையும் மண்வெட்டியையும் பிள்ளைகளின் புத்தகப் பையையும் இந்தக் கண்ணோடு ஒரு முறை எடை போட்டுப் பாருங்கள்.