தோற்றவரும் ஒப்பும் எண்ணிக்கை

மின்னணு வாக்குப்பதிவு பற்றிய இக்கருத்தரங்கிற்குத் தலைமையேற்கும் வாய்ப்பளித்த அமைப்புக் குழுவினருக்கு நன்றி.

இயந்திரம் நல்லதா கெட்டதா என்று பட்டிமன்றம் நடத்த நாம் கூடவில்லை. வென்றவர் எந்த எண்ணிக்கையையும் ஏற்பார். தோற்றவரும் ஏற்கவேண்டுமானால் சரிபார்க்க வழி வேண்டும். அந்த வேலையை யாரிடம் ஒப்படைப்பது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன.

ஜெர்மனி அதைச் சாதாரணக் குடிமகனிடம் ஒப்படைத்தது. 2005 நாடாளுமன்றத் தேர்தலில் பயன்பட்ட நெடாப் நிறுவன வாக்குப்பதிவு இயந்திரங்களை எதிர்த்துத் தந்தையும் மகனும் வழக்காடினார்கள். வாக்குப்பதிவின், எண்ணிக்கையின் முக்கியக் கட்டங்களைத் தொழில்நுட்ப அறிவு இல்லாதவரும் சரிபார்க்க முடியவேண்டும் என்று கூட்டாட்சி அரசியல் சட்ட நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று தீர்ப்பளித்தது. முறைகேட்டுக்குச் சான்று இல்லாததால் தேர்தலை ரத்து செய்யவில்லை. முறைகேடு நிரூபிக்கப்படாமலே அந்த இயந்திரங்கள் ஒதுக்கப்பட்டன என்பது கவனிக்கத்தக்கது.

எஸ்டோனியா குறியாக்கக் கணிதத்தை நம்புகிறது. அங்கே 2005 முதல் இணையவழியில் வாக்களிக்கலாம். 2023இல் பாதிக்கு மேற்பட்ட வாக்குகள் அப்படித்தான் பதிவாயின. யாரேனும் மிரட்டி வாக்களிக்கவைத்தால் பிறகு மீண்டும் வாக்களிக்கலாம். கடைசி வாக்கே கணக்கில் சேரும். பிரேசில் தன் தேர்தல் நீதிமன்றத்தை நம்புகிறது. வாக்காளர் சரிபார்க்கத்தக்க அச்சுச் சீட்டு கோரிய அரசியல் சட்டத் திருத்தத்துக்கு 2021இல் கீழவையில் 308 வாக்குகள் தேவைப்பட்டன; கிடைத்தவை 229.

நம் நாட்டுக்கு வருவோம். எழுத்தாளர் சுஜாதா பாரத் எலெக்ட்ரானிக்ஸில் பணியாற்றியபோது உருவாக்கத்தில் பங்குகொண்ட இயந்திரம் நம்முடையது. இன்று அதனுடன் ஒப்புகைச் சீட்டுக் கருவியும் இருக்கிறது. பொத்தானை அழுத்தியதும் கண்ணாடிக்குப் பின்னால் வேட்பாளரின் வரிசை எண்ணும் பெயரும் சின்னமும் ஏழு நொடி தெரியும். பிறகு சீட்டு அறுந்து பெட்டிக்குள் விழும். வாக்காளர் பார்க்கிறார், நிம்மதியாகப் போகிறார். ஆனால் சட்டமன்றத் தொகுதி ஒவ்வொன்றிலும் 5 சாவடிகளின் சீட்டுகளே எண்ணிச் சரிபார்க்கப்படுகின்றன. அனைத்தையும் எண்ணக் கோரிய மனுக்களை உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரல் 26 அன்று தள்ளுபடி செய்தது.

எல்லாச் சீட்டையும் எண்ணத்தான் வேண்டும் என்று நான் வாதாடவில்லை. ஆனால் லட்சம் வாக்கில் வென்ற தொகுதிக்கும் நூறு வாக்கில் வென்ற தொகுதிக்கும் ஒரே 5 என்பது பொருந்தாது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் வாக்கு வித்தியாசம் குறையக் குறைய காகித வாக்குச்சீட்டுகளின் மாதிரியைப் பெரிதாக்கிச் சரிபார்க்கிறது. காகிதம் நம்மிடமும் இருக்கிறது. எத்தனையை எண்ணுவது என்பதற்குக் புள்ளியியல் அடிப்படைதான் வேண்டும்.

இது என் துணிபு. மறுப்போர் இந்த அரங்கிலேயே சான்றுடன் மறுக்கலாம். உங்கள் கட்டுரை எந்த நாட்டைப் பற்றியதாக இருந்தாலும், அங்கே தோற்ற வேட்பாளரின் முகவர் தன் கையால் எதைச் சரிபார்க்க முடியும் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.