இரவு பத்து மணிக்கு அளந்து பாருங்கள்



வீட்டில் மின்சாரம் மிச்சமாக வேண்டும், குடியிருப்பவர் சுகமாக இருக்க வேண்டும், நோய் அண்டக் கூடாது. இந்த மூன்றும்தான் நம் கருத்தரங்கின் பொருள். தலைமையுரை என்றால் எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தொட்டுப் போவது வழக்கம். எனக்கு அதில் விருப்பமில்லை. மேல்மாடியில் வாடகைக்கு இருப்பவரின் தலைக்கு மேலே இருக்கும் கான்கிரீட் தளத்தைப் பற்றி மட்டும் பேசிவிட்டு அமர்கிறேன்.

ஏப்ரல் மாத நண்பகலில் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக வந்துவிடுகிறது. கன்னியாகுமரியில் இரண்டாம் வாரத்தில், சென்னையில் நான்காம் வாரத்தில். அப்போது தெற்குச் சுவரிலும் வடக்குச் சுவரிலும் வெயில் அதிகம் படுவதில்லை. கிழக்குச் சுவர் காலையில் காயும், மேற்குச் சுவர் மாலையில் காயும். மொட்டைமாடிதான் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை காய்கிறது. தெளிந்த நண்பகலில் அதன்மேல் விழுவது சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1000 வாட். பத்துக்குப் பத்து அறையின் கூரை என்றால், ஒன்பது இஸ்திரிப் பெட்டிகளைச் சூடேற்றிக் கவிழ்த்து வைத்த கணக்கு. பழுப்பேறிய சிமெண்டுத் தளம் அதில் பெரும்பங்கை உள்ளே வாங்கிக்கொள்ளும்.

வாங்கிய வெப்பத்தைத் தளம் உடனே கீழே விடுவதில்லை. நான்கைந்து அங்குலக் கான்கிரீட்டைக் கடந்து வர அதற்குச் சில மணி நேரம் ஆகிறது. வீட்டில் ஆளில்லாத நண்பகலில் அறை ஓரளவு தாங்கும்படி இருக்கும். வேலை முடிந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டுவிட்டுப் படுக்கும் நேரத்தில் தளத்தின் அடிப்பக்கம் அனலாக இருக்கும். பரண்மேல் இருக்கும் பெட்டியைத் தொட்டால் இரவிலும் சூடு தெரியும். "ஃபேன் போட்டா அனல் காத்துதான் வருது" என்று மேல்மாடிக்காரர்கள் சொல்வது மிகையில்லை. கூரையடியில் தேங்கிய சூட்டைத்தான் மின்விசிறி கீழே தள்ளுகிறது.

2003 கோடையில் பிரான்சில் வெப்ப அலைக்கு ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள். பலர் தனியாக இருந்த முதியோர். வீட்டிலேயே வாழ்ந்துவந்த முதியோர்களின் இறப்பைப் பின்னர் ஆராய்ந்தபோது, படுக்கையறை கூரைக்கு நேர் கீழே இருந்தவர்களுக்கு ஆபத்து கூடுதல் என்று தெரியவந்தது. கட்டடத்தில் வெப்பக்காப்பு இல்லாததும் ஒரு காரணமாக நின்றது. தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது நல்ல முடிவு. ஆனால் வெப்ப அலை என்று சொல்வது பெரும்பாலும் பகலின் உச்ச வெப்பத்தை வைத்து. அதை அளக்கும் வெப்பமானி திறந்த வெளியில், நிழற்கூண்டுக்குள் இருக்கிறது. படுக்கையறை அந்தக் கணக்கில் வருவதே இல்லை.

மெட்ராஸ் டெரஸ் தளத்தை இங்குள்ள மூத்த மேஸ்திரிகள் பார்த்திருப்பார்கள். மரக்கட்டைகளின்மேல் சிறு செங்கற்களை நிறுத்திப் பதித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காய்த் தண்ணீர் தெளித்து நாள்கணக்கில் தட்டி இறுக்கி, கடைசியில் தட்டோடு பதிப்பார்கள். அந்தக் கனத்துக்குள் வெயில் இறங்குவது எளிதல்ல. அதற்கே திரும்புங்கள் என்று நான் கேட்க மாட்டேன். தேக்குக்கும் ஆள்கூலிக்கும் இன்று எங்கே போவது? என் வருத்தம் வேறு. கான்கிரீட் வந்த பிறகும் அதன்மேல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டுத் தட்டோடு பதிக்கும் வழக்கம் பல காலம் நீடித்தது. "மேலே இன்னொரு மாடி எடுப்பீங்கல்ல, அப்போ பாத்துக்கலாம்" என்ற ஒரு வார்த்தையில் இப்போது அது தள்ளிப்போகிறது. நம் புறநகர்களில் எந்தத் தெருவிலும் பாருங்கள், தூண்களின் கம்பிகள் வானத்தைப் பார்த்துத் துருவேறி நிற்கும். அந்த இன்னொரு மாடி வரும்வரை, சில வீடுகளில் பதினைந்து இருபது ஆண்டுகள், வெறும் கான்கிரீட்டின் கீழே ஒரு குடும்பம் உறங்குகிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 டிசம்பரில் வெளியான, வீடுகளுக்கான மின்சிக்கன விதித்தொகுப்பான ஈகோ நிவாஸ் சம்ஹிதா, கூரை வழியே கடக்கும் வெப்பத்துக்கு வரம்பு வைத்தது: ஒரு டிகிரி வேறுபாட்டுக்குச் சதுர மீட்டருக்கு 1.2 வாட். வெறும் கான்கிரீட் தளத்தில் அது மூன்று வாட்டையும் தாண்டும். அப்படியானால் பாதி வேலை முடிந்தது என்று மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த விதி 500 சதுர மீட்டரும் அதற்கு மேலும் உள்ள மனைகளுக்குத்தான் எழுதப்பட்டது. நம் கணக்கில் சுமார் இரண்டே கால் கிரவுண்டு. அரை கிரவுண்டிலும் முக்கால் கிரவுண்டிலும் வீடு கட்டுகிறவர்களை அது எட்டிப் பார்க்கவில்லை.

எட்டினாலும் வாடகைதாரருக்கு விடிவு உண்டா என்பது வேறு கேள்வி. தளம் வீட்டுக்காரருடையது, சூடு குடியிருப்பவருடையது. சப் மீட்டர் வைத்து யூனிட்டுக்கு இவ்வளவு என்று வசூலிக்கும் வீட்டில் அரசு தரும் 100 இலவச யூனிட்டும் குடியிருப்பவருக்கு வந்து சேர்வதில்லை. ஏசியின் கட்டணம் அவர் தலையில். தளத்துக்குச் சுண்ணாம்பு அடிக்கும் முடிவு அவர் கையில் இல்லை, அடித்தால் அடுத்த ஆண்டு அந்த வீட்டில் இருப்போமா என்பதும் தெரியாது. அடுக்ககங்களில் மொட்டைமாடி பொதுச் சொத்து. கீழ்த்தளத்துக்காரர் எதற்குப் பணம் தர வேண்டும் என்று சங்கக் கூட்டம் முடிந்துவிடும். பொறியியலில் நமக்கு விடை தெரியும். ஒப்பந்தத்தில் தெரியவில்லை. இந்தக் கருத்தரங்குக்கு வந்த கட்டுரைகளில் வாடகை ஒப்பந்தத்தைத் தொட்டது ஒன்றுகூட இல்லை என்பதைக் குறையாகவே சொல்கிறேன்.

பொறியியல் விடைகளில் மலிவானது வெள்ளை. சுண்ணாம்பு அடித்த புதிய தளம் வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பும். தெலங்கானா 2023-இல் குளிர்கூரைக்கென்று தனிக் கொள்கையே கொண்டுவந்தது. ஆனால் ஒரு மழைக்காலம் போனால் பாசி, ஒரு கோடை போனால் தூசு. ஆண்டுதோறும் யார் அடிப்பது? மொட்டைமாடியில் சூரியத் தகடு வைக்கிறவர்களுக்கு அதன் நிழலும் ஒரு லாபம். 2024-இல் வந்த திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் தருகிறார்கள், அந்த நிழலின் லாபத்தை யாரும் கணக்கில் எழுதுவதில்லை. மின்விசிறி மாற்றுவதும் உடனே செய்யக்கூடியது. பழையது 75 வாட் இழுக்கும் இடத்தில் பிஎல்டிசி விசிறி 30 வாட்டை ஒட்டி நிற்கும்.

சன்னலைத் திறந்து வைத்தால் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு சொல்: கொசு. வலை அடித்தால் காற்று குறையும், அடைத்தால் புழுங்கும், திறந்து வைத்தால் கொசுவத்திச் சுருள். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவரும் நுண்துகள் 75 முதல் 137 சிகரெட்டுகளின் அளவுக்குச் சமம் என்று 2003-இல் வெளிவந்த ஆய்வு கூறியது. கூரை சூடாக இருக்கும் வீட்டில் நுரையீரலுக்கும் நிம்மதி இல்லை. மருத்துவர்களும் கட்டடக் கலைஞர்களும் ஒரே அமர்வில் உட்கார வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தது இதற்காகத்தான்.

கட்டுரை வாசிப்போரிடம் ஒரு கோரிக்கை. உங்கள் அளவீடுகளைச் சொல்லும்போது எந்த மணிக்கு எடுத்தது, எந்த மாடியில், குடியிருப்பவர் சொந்தக்காரரா வாடகைதாரரா என்ற மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். பிற்பகல் இரண்டு மணியோடு அளவீட்டை நிறுத்தியவர்கள், இரவு பத்து மணிக்கும் ஏன் அளக்கவில்லை என்று அவையோர் கேட்கலாம். நான் மணியடித்துத் தடுக்க மாட்டேன். முதல் அமர்வின் முதல் கட்டுரையாளர் மேடைக்கு வரலாம்.