எம்டனின் நான்காவது புகைபோக்கி



நம் பக்கத்தில் ஒருவனைப் பற்றி "அவன் சரியான எம்டன்" என்று சொன்னால் போதும். கெட்டிக்காரன், எளிதில் அகப்பட மாட்டான், அவனிடம் சற்று எச்சரிக்கையாகவே இருக்க வேண்டும் என்ற பொருளெல்லாம் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிடும். அது 1914-ஆம் ஆண்டில் சென்னையைச் சுட்ட ஜெர்மானியப் போர்க்கப்பலின் பெயர் என்பதும் உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கப்பலுக்கு எத்தனை புகைபோக்கிகள் என்று கேட்டால் தெரிந்தவர்களும் தடுமாறுவார்கள். நானும் தடுமாறியிருக்கிறேன், அதுவும் எல்லாம் தெரியும் என்ற மிடுக்கோடு தடுமாறியிருக்கிறேன். போர்க்கப்பல்களின் சிறு மாதிரிகளை அளவு பிசகாமல் செய்வது எப்படி என்பதைப் பற்றி இன்று உங்களோடு பேச வந்திருக்கும் நான், அந்தத் தடுமாற்றத்திலிருந்தே பேச்சைத் தொடங்குவதுதான் நேர்மை.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பு நான் வரலாற்று ஆசிரியனாக இருந்தபோது, எங்கள் பள்ளிக் கண்காட்சிக்கு ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எம்டன் கப்பலின் மாதிரியைச் செய்து கொண்டுவந்தான். முழங்கை நீளத்துக்கும் சற்றுக் கூடுதலான மரக் கப்பல். வேலை மிகச் சுத்தம். ஆனால் புகைபோக்கிகள் நான்கு இருந்தன. எம்டனுக்கு மூன்றே புகைபோக்கிகள் என்று நான் படித்திருந்தேன். போதாக்குறைக்கு, மூன்று புகைபோக்கிகளை அட்டையைச் சுருட்டி அழகாகச் செய்தவன், நான்காவதை மட்டும் கந்தல் துணியால் சுற்றி, சற்றுக் கோணலாக நிறுத்தியிருந்தான். அட்டை தீர்ந்துவிட்டது போலும் என்று நினைத்தேன்.

"சார், எங்கள் ஐயாவின் அப்பச்சி பினாங்கில் பெட்டியடிப் பையனாக இருந்தவர். அவர் பார்த்த கப்பலுக்கு நாலு புகைபோக்கி என்று..." எனத் தொடங்கினான். நான் அவனை முடிக்கவிடவில்லை. "வீட்டில் சொல்லும் கதை வேறு, சரித்திரம் வேறு" என்று கூறி, மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டு அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். பரிசு ஒரு காற்றாலை மாதிரிக்குப் போயிற்று.

அவன் செய்தது சரி. நான் செய்தது பிழை. இதை அறிய எனக்குச் சில ஆண்டுகள் பிடித்தன.

எம்டன் 1908-இல் டான்சிக் துறைமுகத்தில் நீரில் இறக்கப்பட்ட இலகுரகப் போர்க்கப்பல். நீளம் 118.3 மீட்டர், அகலம் 13.5 மீட்டர், 10.5 சென்டிமீட்டர் வாய் கொண்ட பீரங்கிகள் பத்து, புகைபோக்கிகள் மூன்று. கார்ல் ஃபான் முல்லர் என்பவர் தலைமையில் அது 1914 செப்டம்பரில் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்தது. செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்துக்கு எதிரே வந்து நின்று, பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைத் தீக்கிரையாக்கியது. உயர்நீதிமன்ற வளாகச் சுவரில் ஒரு குண்டு விழுந்த இடத்தை இன்றும் ஒரு கல்வெட்டு காட்டுகிறது. அடுத்த மாதம் 28-ஆம் நாள் விடியற்காலையில் அதே கப்பல் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்தது. புகும்போது மரச்சட்டத்தில் கித்தானைக் கட்டிப் பொய்ப் புகைபோக்கி ஒன்றை நிறுத்தியிருந்தார்கள். பிரிட்டிஷாரின் யார்மத் என்ற கப்பலுக்கு நான்கு புகைபோக்கிகள். அரையிருட்டில் பார்ப்பவர்கள் எம்டனை யார்மத் என்று எண்ணிவிட வேண்டும் என்பது ஏற்பாடு. சுடுவதற்கு முன் தன் சொந்தக் கொடியை ஏற்றிவிட்டு, அங்கே நின்ற ஜெம்ச்சுக் என்ற ருஷ்யக் கப்பலை அது மூழ்கடித்தது. எண்பதுக்கு மேற்பட்ட மாலுமிகள் மாண்டார்கள். துறைமுகத்தை விட்டு வெளியேறியதும் மூஸ்கே என்ற பிரெஞ்சுக் கப்பலையும் மூழ்கடித்தது.

ஆகவே, அந்த மாணவன் அட்டை தீர்ந்து துணியைச் சுற்றவில்லை. உண்மைக் கப்பலில் கித்தான் இருந்த இடத்தில் தன் மாதிரியில் துணியை வைத்தான். அவன் செய்தது பொதுவான எம்டன் அன்று. அக்டோபர் 28 காலையில் பினாங்குக்குள் வந்த எம்டன்.

மாதிரி செய்யப் புகுவோருக்கு நான் சொல்லும் முதல் யோசனை இதிலிருந்தே பிறக்கிறது. கப்பலைத் தேர்ந்துகொள்வது போதாது, நாளையும் தேர்ந்துகொள்ளுங்கள். ஒரு போர்க்கப்பல் தன் வாழ்நாளில் பலமுறை உருவம் மாறும். அமைதிக் காலத்தில் கீழ்த்திசைக் கடலில் இருந்த எம்டனின் உடல் வெண்ணிறம், புகைபோக்கிகள் வெளிர்மஞ்சள். போர் வந்ததும் முழுவதும் சாம்பல் நிறம் பூசப்பட்டது. வெள்ளை எம்டனுக்கு நான்காவது புகைபோக்கி வைத்தால் அது எந்த நாளிலும் கடலில் மிதந்த கப்பல் ஆகாது. தேர்ந்த நாளை மாதிரியின் அடிப்பலகையில் எழுதிவிடுங்கள். விகிதத்தையும் எழுதுங்கள். என் மாணவன் அந்தத் தேதியை மட்டும் எழுதி வைத்திருந்தால் என் வாய் அடைத்திருக்கும். அவன் எழுதாதது அவன் குற்றம் என்று ஒரு காலத்தில் எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டதும் உண்டு.

அடுத்தது விகிதம். கடைகளில் கிடைக்கும் பிளாஸ்டிக் தொகுதிகள் பெரும்பாலும் 700-இல் ஒன்று, 350-இல் ஒன்று என்ற விகிதங்களில் வருகின்றன. ரெவெல் கம்பெனி எம்டனையே 350-இல் ஒன்றாக வெளியிட்டிருக்கிறது. நீளம் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர். அதை வாங்கிச் செய்வது இழுக்கு என்று நான் கருதவில்லை. ஆயினும் மரத்தில் செய்ய விரும்புவோருக்கு 200-இல் ஒன்று மிக வசதி. கணக்கும் எளிது: ஒரு மீட்டருக்கு 5 மில்லிமீட்டர். எம்டன் 59 சென்டிமீட்டர் நீளமும் 6.75 சென்டிமீட்டர் அகலமும் உடையதாகிவிடும். மாலுமி ஒருவன் எட்டரை மில்லிமீட்டர் உயரம் நிற்பான். ஒரு காகித நாடாவில் 5 மில்லிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு, கோட்டுக்கு ஒரு மீட்டர் என எண் எழுதி, அதையே அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். பெருக்கல் பிழை அறவே நீங்கும்.

மரத்துக்கு நாம் அலைய வேண்டியதில்லை. இங்கே பழைய வீடுகளைப் பிரிக்கும்போது வரும் பர்மாத் தேக்குத் துண்டுகள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் கிடைக்கும். நூறாண்டு உலர்ந்த மரம், வளையாது, வெடிக்காது. அடிப்பலகைக்கு அதைவிட மேலானது இல்லை. ஆனால் தேக்கு எண்ணெய்ப் பசை உடையது. ஒட்டுமுன் உப்புத்தாளால் புதுப்பரப்பு தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும். கப்பலின் உடலுக்குத் தேக்கு வேண்டாம், கை நோகும். குமிழ மரம் மெத்தென்று செதுக்க வரும். எந்த ஆசாரியாரைக் கேட்டாலும் ஒரு துண்டு தருவார். கூடவே உளி பிடிக்கும் முறையையும் சொல்லித் தருவார். அந்தப் பாடத்துக்கு எங்கள் பயிற்சிக் கல்லூரியில் ஆசிரியர் இல்லை.

உடலை ஒரே கட்டையில் குடைய முயலாதீர்கள். அடுக்கு முறையே நல்லது. கப்பலின் வரைபடத்தில் கீழிருந்து மேலாக, குறிப்பிட்ட உயரத்துக்கு ஒன்றாகக் கிடைக்கோடுகள் இருக்கும். அந்தந்த உயரத்தில் கப்பலைக் கிடையாக அறுத்தால் தெரியும் உருவம் அது. அந்த உயர இடைவெளியே கனமாக உள்ள பலகைகளை ஒவ்வொரு உருவத்திலும் அறுத்து, நடுக்கோடு விலகாமல் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டிவிட்டால், கோயில் குளத்துப் படிகள் போல ஓரம் படிப்படியாக நிற்கும். படிகளின் உள்மூலைகளில் பென்சிலால் கறுப்புத் தீட்டிக்கொள்ளுங்கள். பிறகு வெளியே நீட்டி நிற்கும் மரத்தை மட்டும் சீவுங்கள். கறுப்புக் கோடு மறையும் தறுவாயில் கையை நிறுத்திவிட வேண்டும். அதற்குமேல் ஒரு சீவல் போனாலும் கப்பல் மெலிந்துவிடும். வரைபடத்தின் குறுக்கு வெட்டுகளை அட்டையில் வெட்டி வைத்துக்கொண்டு, இரு பக்கமும் ஒத்திருக்கின்றனவா என்று அடிக்கடி பொருத்திப் பாருங்கள். முதன்முறை செய்வோர் நீர்மட்டத்துக்கு மேற்பட்ட பகுதியை மட்டும் செய்து, கடல்போல் வண்ணம் பூசிய பலகைமேல் பதித்துவிடலாம்.

எம்டனின் மேல்தளம் முன்னும் பின்னும் உயர்ந்து நடுவில் தாழ்ந்திருக்கும். பீரங்கிகளை நடுக்கோட்டில் வரிசையாக வைத்துவிடுவது பலரும் செய்யும் பிழை. முன்னே இரண்டு அருகருகே, பின்னே இரண்டு அருகருகே, நடுவில் பக்கத்துக்கு மூன்று. குழலின் நீளம் வாயளவைப் போல் நாற்பது மடங்கு, அதாவது 4.2 மீட்டர். நம் விகிதத்தில் 21 மில்லிமீட்டர் வரும். இழுத்து நேராக்கிய செம்புக் கம்பி இதற்குப் போதும். புகைபோக்கிக்கு உருண்டைக் குச்சியில் காகிதத்தைப் பசை தடவிச் சுற்றி, காய்ந்தபின் உருவி எடுங்கள்.

கயிறுகளில்தான் நல்ல மாதிரிகளும் கெட்டுப்போகின்றன. சாதாரணத் தையல் நூலின் கனம் கால் மில்லிமீட்டர் அளவு இருக்கும். 200 மடங்கு பெருக்கிப் பாருங்கள்: 5 சென்டிமீட்டர்! கொடி ஏற்றும் கயிறு மணிக்கட்டுப் பருமன் இருந்தால் மாலுமி எப்படி இழுப்பான்? நுண்ணிய பட்டிழை வேண்டும். வண்ணத்திலும் இப்படி ஒரு நுட்பம் உண்டு. தொலைவில் நிற்கும் பொருளின் நிறம் வெளுத்துத் தோன்றும். மாதிரியை நாம் ஓரடி தூரத்தில் பார்த்தாலும், மனத்தில் அது தொலைவில் நிற்கும் பெரிய கப்பல். ஆதலால் டப்பாவிலிருந்து எடுத்த சாம்பலை அப்படியே பூசாமல் துளி வெள்ளை கலந்துகொள்ளுங்கள். தனிக் கறுப்பை எங்குமே பூசாதீர்கள்.

சான்றுகளை எங்கே தேடுவது? ஆஸ்திரேலியப் போர் நினைவகம் எம்டனின் புகைப்படங்களை இணையத்தில் வைத்திருக்கிறது. 1914 நவம்பர் 9-ஆம் நாள் கொக்கோஸ் தீவுகளருகே சிட்னி என்ற ஆஸ்திரேலியக் கப்பலிடம் எம்டன் தோற்று, பவளப்பாறையில் ஏறி நின்றது. அதனால் அந்நாட்டாரிடம் படங்களும் பொருள்களும் சேர்ந்தன. எம்டனின் பீரங்கி ஒன்று சிட்னி நகரத்து ஹைட் பூங்காவில் நிற்கிறது. அதன் படங்களைக் கொண்டே குழலையும் பீடத்தையும் சரிபார்க்கலாம். ஆனால் சண்டைக்குப் பின் எடுத்த படங்களில் புகைபோக்கிகள் சாய்ந்தும் முன்கம்பம் விழுந்தும் கிடக்கும். உயரம் அளக்க அவை உதவா. பிறர் செய்த மாதிரிகளின் படங்களைச் சான்றாகக் கொள்ளாதீர்கள். ஒருவர் பிழையை நூறு பேர் பார்த்துச் செய்தால் அது பிழையாகத் தோன்றாமல் போய்விடும். தேசிய மாணவர் படையின் கடற்படைப் பிரிவில் உள்ளவர்களுக்குக் கப்பல் மாதிரி செய்தல் பயிற்சியாகவும் போட்டியாகவும் உண்டு. உங்கள் கல்லூரியில் அப்பிரிவு இருந்தால், அங்குள்ள பயிற்சியாளரிடம் வரைபடம் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்.

ஓய்வு பெற்றபின் நானும் ஓர் எம்டனைச் செய்தேன். பதினான்கு மாதங்கள் ஆயின. நான்காவது புகைபோக்கியைக் கழற்றி மாட்டும்படி அமைத்தேன்; துணியில்தான். முடிந்ததும் அந்தப் பழைய மாணவனின் முகவரியைத் தேடிப் பிடித்து, மன்னிப்புக் கேட்டுக் கடிதம் எழுதி, மாதிரியின் புகைப்படத்தையும் வைத்து அனுப்பினேன். அவர் இப்போது கப்பல் கட்டும் தளம் ஒன்றில் பொறியாளர். மறுமொழி பத்து நாளில் வந்தது. கண்காட்சியைப் பற்றி ஒரே வரி: "அன்றைக்கு அழுதேன் சார், அப்புறம் மறந்துவிட்டேன்." மற்றதெல்லாம் கப்பலைப் பற்றியது. பீரங்கிகள் நன்றாக அமைந்திருக்கின்றன என்றும், கம்பங்களில் கட்டிய கயிறு மட்டும் தடிப்பாக இருக்கிறது என்றும் எழுதியிருந்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண் மங்கியதில் பட்டிழைக்குப் பதிலாகத் தையல் நூலைக் கட்டியிருக்கிறேன்.

எல்லாவற்றையும் அறுத்துவிட்டு மறுபடியும் கட்டிக்கொண்டிருக்கிறேன். முன்கம்பம் முடிந்தது, பின்கம்பம் பாக்கி.