தேங்காயெண்ணெயும் பிரஷரும்
(நூற்றாண்டு விழா சுகாதார அமர்வில் ஆற்றிய உரை)



நாவுலயில் பிரஷர் என்றதும் நாங்கள் எல்லோரும் தேங்காயைத்தான் பார்க்கிறோம். கிளினிக்கிற்கு வரும் அம்மாமார், "பால் விட்ட கறியை நிப்பாட்டிட்டேன் மகள்" என்பார்கள். கருவாட்டையும் ஊறுகாயையும் பற்றிக் கேட்டால் பேச்சு மாறிவிடும்.

தேங்காயெண்ணெயில் ஏறக்குறையப் பாதி லோரிக் அமிலம். 12 காபன் அணுக்கள் கொண்ட நிரம்பிய கொழுப்பமிலம் அது. கெட்ட கொலஸ்திரோலைக் கூட்டும். ஆகவே அளவு வேண்டும். அதையே மருந்தென்று கரண்டியால் குடிக்கச் சொல்பவர்களை நம்பவேண்டாம். ஆனால் பிரஷர் ஏறும் வழி வேறு. வயிற்றைச் சுற்றிச் சேர்ந்த கொழுப்பு சும்மா கிடப்பதில்லை. கொழுப்பமிலங்களை இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். ஈரலிலும் தசையிலும் அவை மிஞ்சினால் இன்சுலினின் சொல் எடுபடாது. சதையி இன்னும் இன்சுலினைச் சுரக்கும். கூடிய இன்சுலின் சிறுநீரகத்தில் உப்பைத் தேக்கும். இரத்தக்குழாயை இளகவைக்கும் நைத்திரிக் ஒட்சைட்டும் குறையும். இந்தக் கொழுப்பு எண்ணெயால் மட்டும் வருவதில்லை. கோப்பை நிறையச் சோறு, நாலு தரம் சீனித் தேநீர் என மிஞ்சுவதையும் உடல் கொழுப்பாகவே சேமிக்கிறது.

1963இல் ஜப்பானின் கியோட்டோவில் ஒக்கமொட்டோவும் அயோக்கியும், தானாகவே பிரஷர் ஏறும் ஓர் எலி வகையை உருவாக்கினார்கள். கொழுப்பமிலத்தைக் கலத்துக்குள் கொண்டுசெல்லும் சிடி36 என்ற புரதத்தின் மரபணுவில் அதன் சில கிளை வகைகளுக்குக் குறை இருப்பது 1999இல் தெரியவந்தது. எலியில் கண்டது எங்களுக்கு அப்படியே பொருந்தாது. என்றாலும் சீனி, கொழுப்பு, பிரஷர் மூன்றையும் ஒரே கிளினிக் கொப்பியில் எழுதுவதன் நியாயம் அங்கே விளங்குகிறது.

உப்பு நாளொன்றுக்கு 5 கிராமுக்குள் இருக்கவேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மட்டமாக ஒரு தேக்கரண்டி. மாசிச் சம்பலும் அதற்குள் அடக்கம்.

எங்களை அதிகம் பயமுறுத்துவது, தலை சுற்றவில்லை என்று குளிசையை நிறுத்துவது. கை கால் விழுந்தபின்தான் வாகனம் பிடித்து மாத்தளைக்கோ தம்புள்ளைக்கோ ஓடுகிறோம்.

இலங்கை, பாகிஸ்தான், பங்களாதேஷ் கிராமங்களில் 2,645 பேரிடம் நடந்த ஆய்வொன்று 2020இல் வெளியானது. சுகாதார ஊழியர் வீடு தேடிச்சென்று பிரஷரை அளந்து, எடுத்துச் சொல்லி, தேவையானவர்களை வைத்தியரிடம் அனுப்பிய ஊர்களில், இரண்டு வருடத்தில் மேல் அளவு மற்ற ஊர்களைவிடச் சராசரி 5 மில்லிமீற்றர் கூடுதலாக இறங்கியது. பிள்ளை நிறுக்கும் எங்கள் மருத்துவ மாதுவை இனி அடுப்படிவரை கூப்பிடுவோம். உப்புப் போத்தலையும் பார்க்கட்டும்.

இன்று பிரஷர் மானி பழைய நூலக அறையில் இருக்கிறது. தேநீர் குடித்து அரை மணித்தியாலம் கழித்து வாருங்கள். ஓடிவந்து கையை நீட்டவேண்டாம். ஐந்து நிமிடம் கதைக்காமல் இருந்தால்தான் அளப்போம். எங்கள் வகுப்புக்காரருக்கு அதுதான் கஷ்டம்.