கணியாகுளத்துப் போர்ப்பாட்டு நமக்குச் சொல்வது என்ன?

(கோட்டாறில் நடந்த கூட்டமைப்பு மாதக் கூட்டத்தில் பேசியது)



நாட்டுப்பற்றுப் பாட்டு என்றால் பள்ளிக்கூடத்தில் கொடியேற்றும்போது பாடுவதுதான் நம் நினைவுக்கு வரும். ஆனால் அதற்கு வெகு காலம் முன்பே, இந்தப் பகுதியில் ஒரு நாட்டுப்பற்றுப் பாட்டு பிறந்துவிட்டது. அதுதான் 'இரவிக்குட்டிப் பிள்ளை போர்'. கணியாகுளத்துப் போர் என்றும் சொல்லுவாங்க.

கணியாகுளம் தூரத்தில் இல்லை. நம்ம பார்வதிபுரம் பக்கத்தில்தான் இருக்கிறது. 1630களில் மதுரை திருமலை நாயக்கரின் படை நாஞ்சில் நாட்டுக்குள் வந்தது. அதை எதிர்த்து நின்றவர் வேணாட்டுப் படைத்தலைவர் இரவிக்குட்டிப் பிள்ளை. கூட இருந்தவர்களே பொறாமையால் அவரைத் தனியாக விட்டுவிட்டார்கள், அவர் தலையை எதிரிகள் எடுத்துப் போனார்கள், காளி நாயர் என்பவர் போய் அதை மீட்டு வந்தார் என்று கதை போகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வந்த படை மதுரைப் படை. எதிர்த்தது வேணாட்டுப் படை. பாட்டு இருப்பதோ தமிழில்! அப்படியானால் பாடியவர்களுக்கு நாடு என்றால் எது? நாஞ்சில் என்றால் கலப்பை. உழுது விளைவிக்கும் இந்த வயல்தான் அவர்களுக்கு நாடு. எந்த ராஜாவின் படை வந்தாலும் முதலில் அழிவது நெல்தான். பிறகும் நாயக்கர் படைகள் வந்து பயிர் அழிந்து மக்கள் பட்ட பாட்டை அழகியபாண்டியபுரம் முதலியார் வீட்டு ஓலைகளில் காணலாம். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இந்த ஓலைகளைத் தேடி ஆராய்ந்தார்.

இன்னொன்று நமக்கு முக்கியம். போருக்குக் கிளம்பும் மகனிடம் தாய், "கெட்ட கனவு கண்டேன், இன்று போகாதே" என்கிறாள். மனைவியும் தடுக்கிறாள். எங்கே ஒளிந்தாலும் சாவு விடாது என்று சொல்லி அவர் போய்விடுகிறார். வீரத்தைப் புகழும் பாட்டுதான் இது. ஆனாலும் வீட்டில் இருந்த இரண்டு பெண்களின் பேச்சை அது விடாமல் வைத்திருக்கிறது. அவர்கள் பேசினார்கள், முடிவெடுக்கும் இடத்தில் மட்டும் அவர்கள் இல்லை. இன்று குழுவில் தீர்மானம் போட்டுக் கையெழுத்துப் போடுகிற நாம், கிராம சபையிலும் வாய் திறக்க வேண்டாமா?

இந்தக் கதையைக் கோயில் கொடைகளில் வில்லும் உடுக்கும் குடமுமாகப் பாடிக் காப்பாற்றியவர்கள் வில்லுப்பாட்டுக் கலைஞர்கள். அந்தக் கலையில் பெண்களும் இருந்தார்கள். நம் மாவட்டத்தின் பூங்கனி அம்மா சிறு வயதிலேயே வில் எடுத்துப் பல ஆண்டுகள் பாடினார். கடைசிக் காலத்தில் முதியோர் உதவித்தொகையை நம்பி வாழ்ந்து 2018இல் மறைந்தார். பாட்டைக் கேட்ட நாம் பாடியவரை மறந்துவிட்டோம்.

பாடுகிறவர் போய்விட்டால் பாட்டும் கூடவே போய்விடும். ஆகவே ஒரு வேலை செய்வோம். ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊரில் வில்லுப்பாட்டு, கதைப்பாட்டு, தாலாட்டு தெரிந்த மூத்த பெண்கள் யார் யார் என்று எழுதி வாருங்கள். அவர்கள் சம்மதித்தால் செல்போனில் பதிவு செய்யுங்கள். கலைஞர் நலவாரியத்தில் பதிவு, உதவித்தொகை விண்ணப்பம் என்று ஏதாவது விட்டுப்போயிருந்தால் கூட்டமைப்பில் சொல்லுங்கள், சேர்ந்து முயற்சி செய்வோம்.

நாட்டுப்பற்று என்பது நம் மண்ணையும் அதில் வாழும் மனுஷியையும் சேர்த்துக் காப்பதுதான்.