அளந்தீர்களா என்று கேளுங்கள்



1954 மார்ச் 1. பசிபிக் கடலில் பிகினி பவளத்தீவு. அமெரிக்கா அங்கே ஒரு ஹைட்ரஜன் குண்டை வெடித்துப் பார்த்தது. அதன் ஆற்றல் 15 மெகாடன். கணக்குப் போட்டு வைத்ததைவிட இரண்டரை மடங்கு! அபாய எல்லைக்கு வெளியே மீன் பிடித்துக்கொண்டிருந்த ஜப்பானியப் படகு ஒன்றில் இருந்த 23 பேர் மீது கதிரியக்க வெண்சாம்பல் கொட்டியது. படகின் வானொலித் தொடர்பாளர் குபோயாமா அந்தச் செப்டம்பரிலேயே இறந்துபோனார். சோதனைகளை நிறுத்துங்கள் என்று ஏப்ரல் 2 அன்றே நம் நாடாளுமன்றத்தில் குரல் கொடுத்தார் நேரு.

கண்ணுக்குத் தெரிந்த சாம்பல் கடலில் விழுந்தது. தெரியாத நுண்துகள் எங்கே போனது? மேகங்களையும் தாண்டி, ஸ்ட்ராட்டோஸ்பியர் என்னும் மேல்வளி அடுக்கு வரை ஏறிப்போனது. கீழ்க்காற்றில் கலந்த தூசியை மழை சில வாரங்களில் கழுவிவிடும். அங்கே மழை ஏது?

அமெரிக்க அணுசக்தி ஆணையத்தின் வில்லார்டு லிபி பேரறிஞர்தான். துகள் பல ஆண்டுகள் மேலேயே தங்கும், உலகெங்கும் சமமாகப் பரவி மெல்ல இறங்கும் என்றார். வானிலை அறிஞர்கள் சிலர் அதை ஏற்கவில்லை. சரி, அளந்து பார்ப்போம் என்று இறங்கினார்கள்.

1957 முதல் அமெரிக்காவின் யு-2 உளவு விமானங்கள் சுமார் 20 கிலோமீட்டர் உயரத்தில் பறந்து, வடிதாள்களில் தூசியைப் பிடித்துவந்தன. 1958 சோதனைகளில் வெளிப்பட்ட டங்ஸ்டன்-185 என்னும் கதிரியக்கப் பொருள், ஆற்று நீரோட்டத்தைக் காட்டும் மஞ்சள்தூள்போல மேல்காற்றின் வழியைக் காட்டிக்கொடுத்தது. அந்தக் காற்று துருவங்களை நோக்கி நகர்கிறது. வசந்த காலத்தில் இடை அட்சரேகைகளில் அதிகமாகக் கீழே கலக்கிறது. ஆக, துகள் விழுந்தது சமமாகவும் அல்ல, சாவகாசமாகவும் அல்ல. மக்கள் நெருங்கி வாழும் உலகின் வடபகுதியில்தான் மிகுதியாக விழுந்தது!

விழுந்ததில் ஒன்று ஸ்ட்ரான்சியம்-90. அதன் கதிரியக்கம் பாதியாகக் குறையவே ஏறத்தாழ 29 ஆண்டுகள் ஆகும். குணத்தில் கால்சியத்துக்கு உடன்பிறப்பு. அதனால் புல்லிலிருந்து பசுவுக்கு, பசுவிலிருந்து பாலுக்கு, பாலிலிருந்து பிள்ளையின் எலும்புக்கு வந்துவிடும். அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத் தாய்மார்கள் 1958 முதல் பிள்ளைகளின் பால்பற்களைச் சேர்த்து ஆய்வுக்குக் கொடுத்தார்கள். மூன்று லட்சம் பற்கள்! சோதனைகள் பெருகப் பெருக, பற்களிலும் ஸ்ட்ரான்சியம் ஏறியது ஐயமற நிரூபணமானது.

1963 ஆகஸ்ட் 5. மாஸ்கோவில் அமெரிக்காவும் சோவியத் நாடும் பிரிட்டனும் கையெழுத்திட்டன. வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் நீருக்கடியிலும் அணுச்சோதனைக்குத் தடை. பிரான்சும் சீனாவும் சில காலம் தொடர்ந்தன. 1980க்குப் பிறகு காற்றுவெளியில் ஒரு குண்டும் வெடிக்கப்படவில்லை.

வல்லரசுகள் தாமாக மனம் இரங்கிவிடவில்லை. வடிதாளில் ஒட்டிய தூசியும் பிள்ளைகளின் பல்லும் சொன்ன சாட்சியை அவர்களால் மறுக்க முடியவில்லை.

மாணவர்களே! நம் ஊர்க் காற்றுக்கும் தண்ணீருக்கும் ஒன்றும் ஆகாது என்று எவ்வளவு பெரியவர் வந்து சொன்னாலும், அளந்தீர்களா என்று கேளுங்கள். அளந்த கணக்கை ஊரறிய வையுங்கள் என்று கேளுங்கள். அதைக் கேட்பது உங்கள் உரிமை.