மருந்தோடு மருந்து சேருங்கால்

(லைட்ஹவுஸ் குப்பத்தில் கூடிய நமது சங்கக் கூட்டத்தில் செய்த பிரசங்கம்)



காசநோய் மருந்தைக் குறித்துச் சில வார்த்தைகள் கூறும்படி என்னைப் பணித்தீர்கள். வீட்டிலிருந்தபடியே மருந்துண்டு இந்நோயினின்று குணமடையலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது நம் சென்னப்பட்டணமே. 1956-ஆம் ஆண்டில் அங்கே தொடங்கப்பெற்ற ஆராய்ச்சி நிலையம் 1959-இல் இவ்வுண்மையை வெளியிட்டது. ஆயினும், மாதக்கணக்கில் விடாது உண்ணவேண்டிய மருந்தை நம்மவர் சிலர் நடுவில் நிறுத்திவிடுகின்றனர். 'உடம்புக்கு ஒத்துக்கொள்ளவில்லை' என்பதே அவர்கள் கூறும் காரணம். அதன் மர்மம் யாதெனச் சிறிது ஆராய்வோம்.

நாம் உண்ணும் மருந்துகளிற் பலவற்றை மாற்றிக் கழிப்பது ஈரல். படகு கரைசேர்ந்ததும் மீனைப் பிரித்தனுப்பும் ஆட்களைப் போல அங்கே நொதிகள் வேலை செய்கின்றன. காசநோய் மருந்துகளுள் ஒன்றாகிய ரிபாம்பிசின் அவ்வாட்களின் தொகையைப் பெருக்குகிறது. ஆகவே, உடன் உண்ணும் பிற மருந்துகள் வேலை முடியுமுன்னரே கழிந்துபோகின்றன. சர்க்கரை நோய் மாத்திரைகள் சிலவற்றின் வலிமை குன்றும். கருத்தடை மாத்திரையை நம்பிய பெண் கருவுறவும் கூடும்.

மற்றொன்றாகிய ஐசோனியாசிட்டோ நொதிகள் சிலவற்றின் கையைக் கட்டிவிடும். மீன் உண்ணும் நமக்கு இது முக்கியம். சூரை, கானாங்கெளுத்தி முதலிய மீன்கள் வெயிலிற் கிடந்தால் ஹிஸ்டமின் என்னும் பொருள் அவற்றில் மிகும். சமைத்தாலும் அது அழியாது. குடலில் அதனைச் சிதைக்கும் நொதியை ஐசோனியாசிட் தடுப்பதால், உண்டவருக்கு முகஞ்சிவத்தலும் தலைவலியும் படபடப்பும் தோன்றும். இலங்கையில் ஊரகொட, கோட்டேகொட என்னும் இருவர் 1977-ஆம் ஆண்டிலேயே இதனை எழுதி வெளியிட்டனர். அதே மீனை உண்ட வீட்டார் நலமாயிருப்பதைக் கண்டு, நோயாளி மருந்தின்மேற் பழியைச் சுமத்தி நிறுத்திவிடுகிறார். நிறுத்தினால் நோய் திரும்பும். மருந்துக்கடங்காததாய் மாறவும் கூடும். பெற்ற பிள்ளைகளையும் பற்றும்.

ஆதலால், அன்பர்களே, நாட்டு மருந்து உட்பட நீங்கள் உண்ணும் மருந்து அனைத்தையும் ஒரு பையிலிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். மருந்துண்ணும் காலத்தில் சூரையை விலக்குங்கள். ஐஸில் வைத்த புதிய மீனில் மற்றவற்றை உண்ணலாம். மதுவைத் தொடாதீர்கள். கண் மஞ்சளித்தாலும், ஓயாது வாந்தியெடுத்தாலும், சிறுநீர் கறுத்தாலும் அன்றே வைத்தியரை நாடுங்கள். மருந்தை நிறுத்துவதும் மாற்றுவதும் அவர் சொற்படியே நடக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு என் பேச்சை முடிக்கிறேன்.